இயந்திரம் வந்தது, ஊர்க்கூட்டம் வரவில்லை

(பட்டிமன்றம்: பூமியின் சூட்டைத் தணிக்கப் பெரிதும் துணைநிற்பது சட்டத்தின் கையா? மக்களின் குரலா? 'மக்களின் குரலே' என்ற அணியில் புதூர் மேடையில் ஆற்றிய உரை.)

மேகம் வருமா என்று அண்ணாந்து பார்த்தே பழகிப்போன கழுத்துகளை, இன்று ஒருநாள் மட்டும் இந்த மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கும் புதூர்ப் பெருமக்களே, தாய்மார்களே, நகைச்சுவையாலேயே எங்களை அடக்கி ஆளும் நடுவர் அவர்களே, எதிரணியில் இருந்தாலும் என்னை எதிரியாக நினைக்காத நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

புதூரில் பட்டிமன்றம் என்று வீட்டில் சொன்னேன். "எந்தப் புதூர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதானே! தமிழ்நாட்டில் புதூர் இல்லாத மாவட்டம் உண்டா? பஸ்ஸில் ஏறி "புதூருக்கு ஒரு டிக்கெட்" என்றால் கண்டக்டர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "விளாத்திகுளம் புதூர்ங்க, நாகலாபுரத்துக்குப் பக்கத்தில்" என்றேன். "ஓ, கரிசக்காடா, அங்கே போய்க் காலநிலையைப் பற்றிப் பேசப் போகிறாயா? அவர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்றார். (சிரிப்பு) முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்! (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, அந்த மனிதர் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர். மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் இயக்கத்தை நான் எங்கே தொடங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அது கிடக்கட்டும்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் அருமையாகப் பேசினார். ஐரோப்பாவைப் பாருங்கள் என்றார். 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள், 1990இல் விட்ட புகையில் 55 சதத்தை 2030க்குள் குறைத்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள், சட்டம் வந்தது, வேலை நடக்கிறது, இதில் கொடி பிடித்தவனுக்கும் கோஷம் போட்டவனுக்கும் என்ன வேலை என்று கேட்டார். ஐயா, சகோதரர் பாயசத்தைப் புகழ்ந்தார், குடித்தார், ஏப்பமும் விட்டார். அடுப்பு மூட்டிக் கண்ணெரிச்சலோடு கிண்டினாளே ஒருத்தி, அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? (கைதட்டல்)

அந்த அடுப்படிக் கதையைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். ஐரோப்பாக்காரன் புகையை விட்டான், அவனே குறைக்கட்டும், கரிசல்காட்டுக்கு இதில் என்ன என்று யாராவது கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் இந்த மாவட்டத்துக்காரர் யாராவது மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! நம் பிஞ்சைகளில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்ற நேரம் அது. வருடம் முழுக்க வராத மழை ஒரு ராத்திரியில் வந்தால் அதற்குப் பெயர் மழையா? ஒரு மழையைக் காட்டி, இது பூமி சூட்டால்தான் வந்தது என்று அறிவியல்காரர்கள் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது பாடப்புத்தகத்துக் கணக்கு. சுமந்ததை எங்கேயாவது இறக்கித்தானே ஆக வேண்டும்? மானாவாரிக்காரன் தலையில் இறக்குகிறது. வங்கியில் பணம் வைத்திருப்பவனுக்கு இது செய்தி. வானத்தை நம்பி விதைத்தவனுக்கு இது வாழ்க்கை.

சரி, அடுப்படிக்கு வருவோம். டென்மார்க் என்று ஒரு நாடு. சின்ன நாடு. நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 1973இல் அரபு நாடுகளில் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறியபோது அந்த நாடு திக்குமுக்காடிப் போனது. ஏனென்றால் விளக்கு எரிய, வீடு சூடாக, வண்டி ஓட எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு எண்ணெய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். நம்மூரில் அப்படி ஓர் உத்தரவு வந்தால் மாமியார் வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க எத்தனை மாப்பிள்ளைகள் கும்பிடு போடுவார்கள்! (சிரிப்பு)

எண்ணெய் வேண்டாம், அணுமின் நிலையம் கட்டுவோம் என்று மேலே இருந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். படித்தவர்கள், நிபுணர்கள், கணக்குப் போட்டவர்கள். சட்டத்தின் கை அந்தப் பக்கம்தான் நீண்டது, சகோதரரே, குறித்துக்கொள்ளுங்கள். கீழே இருந்த மக்கள் கேட்டார்கள்: எங்களைக் கேட்டீர்களா? 1974இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 1975இல் ஆர்ஹுஸ் நகரத்தில் ஆன் லுண்ட் என்ற இளம்பெண் ஒரு படம் வரைந்தாள். மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்புச் சூரியன், அந்தச் சூரியன் சிரிக்கிறது. சுற்றிலும் ஒரு வாசகம்: 'அணுசக்தியா? வேண்டாம், நன்றி.' நம் ஊராக இருந்தால் 'ஒழிக' என்று போட்டிருப்போம். அவள் 'வேண்டாம், நன்றி' என்கிறாள். கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை சோறு போட வருகிறவரிடம் இலையை மறைத்துக்கொண்டு சிரிப்போமே, அந்த மாதிரி! (சிரிப்பு) அந்தச் சிரிக்கும் சூரியன் சட்டைப் பொத்தானில் ஏறி, காரின் பின்கண்ணாடியில் ஏறி, பல மொழிகளில் உலகம் சுற்றியது.

எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு அடுத்து நடந்த காரியம். வேண்டாம் என்று சொல்கிறவனிடம் உலகம் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'அப்போ விளக்குக்கு என்ன செய்வே?' அந்தக் கேள்விக்கு அவர்கள் மேடையில் பதில் சொல்லவில்லை. கையால் பதில் சொன்னார்கள். ரிசாகர் என்று ஒரு தச்சர். தச்சர் ஐயா, விஞ்ஞானி இல்லை! கடையில் கிடைத்த சாமான்களை வைத்து ஒரு காற்றாடி செய்து, அதில் மின்சாரம் எடுத்து, பொது மின்கம்பியிலேயே சேர்த்துக் காட்டினார். உல்ஃப்போர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் தொண்டர்களும் சேர்ந்து, 1975இல் தொடங்கி 1978இல் முடித்து, 2 மெகாவாட் காற்றாலை ஒன்றைத் தாங்களே எழுப்பினார்கள். இன்றும் அது நிற்கிறது. வாத்தியார் வேலையைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நானும் அந்த ஜாதிதான்! (கைதட்டல்)

பத்து வருடம் விடாமல் பேசினார்கள், நடந்தார்கள், செய்து காட்டினார்கள். 1985 மார்ச்சில் டென்மார்க் நாடாளுமன்றம் அணுமின் நிலையத் திட்டத்தையே கைவிட்டது. அதற்கு அடுத்த வருடம் ஏப்ரலில் செர்னோபில் வெடித்தது. அதைப் பார்த்துப் பயந்து எடுத்த முடிவு இல்லை அது, அதற்கு முன்னாலேயே மக்கள் எடுக்கவைத்த முடிவு. சட்டம் வந்தது உண்மை. வாசலில் பத்து வருடம் காத்திருந்து கதவைத் தட்டியவர்கள் யார்?

இப்போது, நடுவர் அவர்களே, டென்மார்க்கில் இருந்து நேராக நம்ம கயத்தாறுக்கு வருகிறேன். தாவுகிறேன் என்று நினைக்காதீர்கள், காற்றாலையே அந்த வழியாகத்தான் வந்தது! 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்றை வைத்தார்கள். அதற்குப் பிறகு டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டேனிடாவின் துணையோடு கயத்தாறில் காற்றாலைகள் எழும்பின. செங்கோட்டைக் கணவாய் வழியாக வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் காற்று விசிலடித்துக்கொண்டு வருகிறதே, அந்தக் காற்றுக்கு வேலை கிடைத்தது. காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்திய முன்னோரின் வழிவந்தவன் கரிகாலன் என்று புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடி வைத்தார். பாரதி பிறந்த எட்டயபுரம் இதோ பக்கத்தில். வசன கவிதையில் காற்றுக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கியவர் அவர். காற்றைக் கொண்டாடுவதற்கு நமக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறில், வெள்ளைக்காரன் நாட்டில் இருந்து இந்தத் தடவை நல்ல சாமான் ஒன்று வந்தது என்று நாமும் சந்தோஷப்பட்டோம். நெடுங்காலம் இந்தியாவிலேயே காற்றாலையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்.

ஆனால் கப்பலில் இயந்திரம் வந்தது. அந்த இயந்திரத்தைப் பெற்றெடுத்த ஊர்க்கூட்டம் வந்ததா? அதுதான் என் கேள்வி.

டென்மார்க்கில் காற்றாலை யாருடையது தெரியுமா? தொடக்கத்தில் பெரும்பகுதி ஊர்க்காரர்களுடையது. பத்துக் குடும்பம், ஐம்பது குடும்பம் பங்கு போட்டு வாங்கும். நம் சீட்டு மாதிரி. ஆனால் இதில் சீட்டுப் பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓட முடியாது, கம்பம் தரையில் ஊன்றி இருக்கிறது! (சிரிப்பு) 2000த்தில் கோபன்ஹேகன் நகரத்துக் கடலுக்குள் மிடல்க்ருண்டன் என்ற இடத்தில் 20 காற்றாலை வைத்தார்கள். அதில் பாதி, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். 2009இல் இருந்து ஒரு சட்டமே இருந்தது: புதிதாகக் காற்றாலை வைக்கிறவர் 20 சதப் பங்கையாவது அக்கம்பக்கத்து மக்களுக்கு விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும். 2020இல் அதை மாற்றி, பக்கத்தில் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கிற முறை கொண்டுவந்தார்கள். எது நல்லது என்று அவர்கள் இன்னும் சண்டை போடட்டும். சண்டை போடுவதற்கு அவர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

இங்கே என்ன நடந்தது? பிஞ்சை விளையவில்லை என்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போன குடும்பங்கள், சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் குடிபோன குடும்பங்கள். தரிசாகக் கிடந்து சீமைக் கருவேலம் மண்டிய நிலம். தரகர் வந்தார். "அண்ணாச்சி, கரி மூட்டம் போட்டு என்ன கிடைக்கப் போகுது, வந்த விலைக்குக் கொடுங்க" என்றார். கொடுத்தோம். எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தப்பா, அவர் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பிஞ்சை போய்விட்டது. பெரிய பெரிய டிரெய்லர் வண்டியில் றெக்கை வர வேண்டும், இல்லையா? அதற்குப் பாதை வேண்டும். கிராவலைக் கொட்டி மூன்றடி உயரத்துக்குப் பாதை போட்டார்கள். நடுவில் ஓர் ஓடை. ஓடை என்றால் நகரத்துக்காரர்களுக்குப் புரியாது; வருடத்தில் முந்நூறு நாள் காய்ந்து கிடக்கும், படத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். மழை பெய்கிற அந்தச் சில நாளில் கண்மாய்க்குத் தண்ணீரைக் கொண்டு சேர்ப்பது அதுதான். அதை மேடாக்கி மூடிவிட்டார்கள்.

கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பிக்கொண்டு தண்ணீரை விடாது. பாதை ஒரு பக்கம் அணைபோல் நின்றது. சித்தப்பாவின் உளுந்து ஒரு வாரம் தண்ணீரில் நின்று அழுகியது. பாதைக்கு அந்தப் பக்கத்துக் கண்மாயோ சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது! அவர் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். திங்கட்கிழமை தூத்துக்குடிக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். என்னிடம் கேட்டார், "தாயி, நீ டாக்டர் பட்டம் வாங்கினவ. காத்து நல்லதுன்னு சொல்றே. சரி. நல்லது செய்ய வந்தவன் ஏன் என் வரப்புல நின்னு ஒரு வார்த்தை கேக்கல?" என்று.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதிலைத் தேடினேன், சகோதரரே. உங்கள் கட்சிக்காகவே தேடினேன்! 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது. பெரிய அனல்மின் நிலையம் கட்டினால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. சுரங்கம் தோண்டினால் கேட்க வேண்டும். காற்றாலைக்கு? அந்தப் பட்டியலிலேயே அது இல்லை. சூரிய ஒளிப் பூங்காவுக்கும் அந்த அனுமதி தேவையில்லை. புகை வராத தொழில் என்பதால் விட்டுவிட்டார்கள். புகை வராது, உண்மை. ஓடை? ஆடு மேய்கிற புறம்போக்கு? நம் பக்கத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது, ஏறக்குறைய 2,500 ஏக்கர். வேலி போட்ட இடத்தில் கிடை போட முடியுமா? ஆட்டுக்காரனுக்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? சட்டத்தின் கை நீளமானதுதான் ஐயா. ஆனால் அதற்குக் கண் கிடையாது. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இதோ பார் ஓடை என்று காட்ட வேண்டும். (நீண்ட கைதட்டல்)

உடனே எதிரணியில் ஓர் அம்மா எழுந்து, நீதிமன்றம் இருக்கிறதே என்பார். இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பாட்டிமார் கதை கேட்டிருக்கிறீர்களா? இரண்டாயிரத்துக்கும் மேல் பாட்டிகள், எல்லோரும் அறுபத்து நாலு வயதைத் தாண்டியவர்கள். வெயில் கொடுமையில் முதலில் சாவது எங்களைப் போன்ற வயதான பெண்கள், அரசாங்கம் போதுமானதைச் செய்யவில்லை என்று சொந்த நாட்டின் மேலேயே வழக்குப் போட்டார்கள். உள்ளூரில் தோற்றார்கள். விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2024 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெயித்தார்கள்! நம் வீட்டில் பாட்டி ரிமோட்டை எடுத்தாலே பேரன் பிடுங்குகிறான். (சிரிப்பு) அந்தப் பாட்டிகள் ஒரு நாட்டையே கூண்டில் ஏற்றினார்கள்.

பார்த்தாயா, நீதிமன்றம்தானே ஜெயிக்க வைத்தது என்று எதிரணி கைதட்டத் தயாராகிறது. கொஞ்சம் பொறுங்கள். அடுத்த இரண்டே மாதத்தில், ஜூனில், சுவிட்சர்லாந்து நாடாளுமன்றம் என்ன சொன்னது? நாங்கள் ஏற்கெனவே போதுமானதைச் செய்கிறோம், இதற்கு மேல் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தீர்ப்பு கையில் இருக்கிறது, சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பாட்டிகள் மறுபடியும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் கரையோரத்துக்கும் ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்னும் ஆறாத புண். கூடங்குளத்துக்கு 1988இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1989 மே மாதமே கன்னியாகுமரியில் மீனவ மக்கள் ஊர்வலம் போனார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து. அதன் பிறகு இடிந்தகரைப் பந்தலில் பெண்கள் உட்கார்ந்தார்கள், பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் தடியடி, மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார், ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்கு. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்கலாம் என்றது. 2013 அக்டோபரில் மின்சாரம் வந்தது. அப்போது தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சைப் பேப்பரை மெழுகுவத்தியில் திருத்தியவள் நான். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த மேடையில் இருப்பவர்களுக்குள்ளேயே நாலு கருத்து இருக்கும். ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி அணு உலைகளை மூடியது. அதற்கு முந்தின வருடம் ரஷ்ய எரிவாயு நின்றபோது நிலக்கரியைக் கூடுதலாக எரித்தது. அதையும் மறைக்க மாட்டேன். போராடுகிறவர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் வாதாட வரவில்லை. அந்தச் சகோதரிகள் கேட்டது முதலில் ஒரு தகவல்: விபத்து நடந்தால் எங்களை எந்த வழியாகக் கூட்டிப் போவீர்கள்? ஆபத்துக் காலத் திட்டம் என்ன? ஊர்க்காரனுக்கு ஒத்திகை நடத்தினீர்களா? இந்தக் கேள்விகள் நாட்டுக்கே கேட்டது அவர்களால்தான். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் பாதுகாப்பு நிபந்தனைகளை வரிசையாக எழுதியதே, வழக்கும் குரலும் இல்லாமல் எழுதியிருக்குமா?

எதிரணித் தலைவர் ஒரு குத்து விட்டார். "அம்மா, நீங்கள் அனல்மின் நிலையமும் வேண்டாம் என்பீர்கள், அணுவும் வேண்டாம் என்பீர்கள், இப்போது காற்றாலையும் வேண்டாமா? அப்போ அரிக்கன் லாந்தரா?" என்றார். ஐயா, அந்த டென்மார்க்குப் பெண் 'வேண்டாம், நன்றி' என்றாள். நான் இந்தக் கரிசலில் இருந்து 'வேண்டும், உட்கார்ந்து பேசுவோம்' என்கிறேன். காற்றாலை வரட்டும். வருகிற பாதைக்கு அடியில் ஓடைக்குக் குழாய் வைத்துவிட்டு வரட்டும். கண்மாய்க்குத் தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று வரைபடத்தைப் பார்க்க வேண்டாம், எழுபது வயதுக் கிழவர் ஒருவரைக் கேட்டால் போதும், கம்பால் கோடு போட்டுக் காட்டுவார். ஊருக்கு ஒரு பங்கு இருக்கட்டும். என் பிஞ்சைக்கு மேலே அடிக்கிற காற்றில் எனக்கு ஒரு பைசா வருமானம் வந்தால், அந்த றெக்கை நின்றால் ஏன் நின்றது என்று முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பவன் நான்தானே!

சித்தப்பா விஷயத்தில் என்ன ஆனது என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். சொல்கிறேன். தனி ஆளாக மூன்று மனுக் கொடுத்தார், ரசீதுதான் வந்தது. நாலாவது தடவை தனியாகப் போகவில்லை. ஓடைக்குக் கீழ்ப்பக்கம் பிஞ்சை வைத்திருந்த இருபத்தேழு வீட்டையும் கூட்டிக்கொண்டு, அழுகிப்போன உளுந்தஞ்செடியைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். மறுவாரம் சர்வேயர் வந்தார். கல்லை அளந்தார். பாதை வெட்டப்பட்டது, நான்கு குழாய் இறங்கியது. அதே ஓடை, அதே சட்டம், அதே ஆபீஸ். கூடுதலாகப் போனது இருபத்தேழு வீடு! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். தொட்டுத்தான் இருக்கிறார், அடிக்கவில்லை, அவரும் கரிசல்காட்டுச் சோறு சாப்பிட்டவர்தானே. நான் கேட்பது ஒன்றுதான், ஐயா. தீர்ப்பை எந்தப் பக்கம் சொன்னாலும் சரி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அடுத்த கிராமசபைக் கூட்டம் என்றைக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.